முகம் கோணும்போது: முக நரம்பின் நோய்களும் அவை காட்டும் அடையாளங்களும்

ஒரு பக்க முகம் திடீரென்று அசையாமல் போனால் நம் வீடுகளில் இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன. சிலர் அதைப் பக்கவாதம் என்று முடிவுகட்டி நிலைகுலைந்து போகிறார்கள். வேறு சிலர், பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து வந்தபோது குளிர்காற்று அடித்துவிட்டது, எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நாட்களைக் கடத்துகிறார்கள். மருத்துவர்கள் செய்யும் தவறு ஒன்றும் இருக்கிறது. முகம் கோணியிருப்பதைப் பார்த்ததும் ‘பெல் வாதம்’ என்று சீட்டில் எழுதி, ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது. பெல் வாதம்தான் மிகுதியாக வருகிறது என்பது உண்மை. ஆனால் மற்றக் காரணங்கள் எல்லாவற்றையும் தேடிப் பார்த்து, எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே சொல்ல வேண்டிய பெயர் அது. கோபன்ஹேகனில் பைட்டர்சன் என்ற மருத்துவர் 25 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த 2,570 முகவாத நோயாளிகளில் பெல் வாதக்காரர்கள் 1,701 பேர்தான். மற்றவர்களிடம் 38 வேறு காரணங்கள் இருந்தன. மூன்றில் ஒருவருக்கு வேறு நோய் என்றால், அவசர முடிவுக்கு அங்கே இடமில்லை.

அந்த வேறு நோயைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவிகள் முதலில் தேவைப்படுவதில்லை. முக நரம்பு போகும் வழி தெரிந்திருந்தால், எந்த இடத்தில் பழுது என்பதை நோயாளியின் முகமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

மூளையிலிருந்து நேரே கிளம்பும் 12 இணை நரம்புகளில் இது ஏழாவது. மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸில் இதன் கரு இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் இழைகள், கண்ணை வெளிப்புறமாகத் திருப்பும் ஆறாவது நரம்பின் கருவைச் சுற்றி வளைந்துவிட்டே வெளியே வருகின்றன. பிறகு முக நரம்பு, கேட்பதற்கும் உடல் நிலைதவறாமல் இருப்பதற்கும் உரிய எட்டாவது நரம்போடு சேர்ந்து காதெலும்புக்குள் நுழைகிறது. அந்த எலும்புக் குழாய்க்குள் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் தூரம் பயணம். உடலில் வேறெந்த நரம்பும் இத்தனை நீளத்துக்கு எலும்புக்குள் சிறைப்பட்டுச் செல்வதில்லை. குழாயின் தொடக்கப் பகுதி மிகக் குறுகலானது. அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. நரம்பு சற்றே வீங்கினாலும் அங்கே இறுக்கப்பட்டு, இரத்த ஓட்டம் குன்றிச் செத்துப்போகத் தொடங்கும். இந்த நரம்பு மற்ற நரம்புகளைவிட எளிதில் முடங்கிப்போவதற்கு இந்தச் சந்துதான் முக்கியக் காரணம் என்பது பலரின் கருத்து.

எலும்புக்குள் போகும் வழியில் அது மூன்று கிளைகளைப் பிரித்துவிடுகிறது. முதல் கிளை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போகிறது. இரண்டாவது, நடுக்காதில் அங்கவடி எலும்பைப் பிடித்திருக்கும் மிகச் சிறிய தசைக்கு. பலத்த ஓசை வரும்போது இத்தசை சுருங்கி உள்காதைக் காக்கும். மூன்றாவது, நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குக்குச் சுவையுணர்வையும், தாடைக்கடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குக் கட்டளையையும் கொண்டுபோகிறது. காதுமடலுக்குப் பின்னால் எலும்பை விட்டு வெளியே வந்த பிறகு, கன்னத்துப் பரோட்டிட் சுரப்பிக்குள் புகுந்து, நெற்றி முதல் கழுத்து வரை ஐந்து கிளைகளாக விரிகிறது.

ஆகவே நோயாளியிடம் கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. கண் வறண்டு உறுத்துகிறதா? பாத்திரம் விழும் சத்தம் அந்தக் காதில் மட்டும் நாராசமாகக் கேட்கிறதா? சாம்பாரில் உப்பு புளி தெரியாமல் நாக்கின் ஒரு பக்கம் மரத்திருக்கிறதா? இவை இருந்தால் பழுது எலும்புக்குள்ளே. எதுவுமே இல்லாமல் முகத்தசைகள் மட்டும் சோர்ந்திருந்தால் காதுக்கு வெளியே, கன்னத்தில் தேட வேண்டும். ஐந்து கிளைகளில் ஒன்றோ இரண்டோ மட்டும் செயலிழந்திருந்தால் சந்தேகம் கன்னச் சுரப்பியின் மேலேயே விழ வேண்டும். கேட்கும் திறன் குறைந்து தலையும் சுற்றினால், எட்டாவது நரம்பும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருக்கிறது. கிளைகளை வைத்து இப்படி இடம் குறிப்பது மில்லிமீட்டர் துல்லியமானது அல்ல. ஆனாலும் எந்தத் திசையில் தேடுவது என்று அது காட்டிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது நெற்றி. புருவத்தை உயர்த்தச் சொன்னால் போதும். நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருகிறது. வாயைச் சுற்றிய தசைகளுக்கு எதிர்ப்பக்க மூளையிலிருந்தே பெரும்பாலும் வருகிறது. எனவே மூளையில் ஏற்படும் பக்கவாதத்தில் வாய் கோணும், ஆனால் நெற்றி சுருங்கும், கண்ணும் ஏறக்குறைய மூடும். நரம்பே பழுதானால் நெற்றிக் கோடுகள் மறைந்து, கண் மூடாமல், வாயோரம் தொங்கி, பாதி முகம் முழுவதும் வழவழப்பாகிவிடும். பக்கவாதத்தில் இன்னொரு வியப்பும் உண்டு. பல்லைக் காட்டச் சொன்னால் கோணும் அதே வாய், ஒரு வேடிக்கையைக் கேட்டுத் தானாகச் சிரிக்கும்போது சில சமயம் சமமாக விரியும். விரும்பிச் சிரிப்பதற்கும் உணர்ச்சியால் சிரிப்பதற்கும் மூளையில் தனித்தனி வழிகள் இருப்பதே காரணம்.

இந்த நெற்றி விதிக்கும் விலக்கு உண்டு, அதை மறந்தால் ஆபத்து. பான்ஸில் நரம்பின் கருவையே தாக்கும் பக்கவாதத்தில் நெற்றியும் சேர்ந்து விழும். 1856இல் பிரான்சில் மில்லார், குப்ளர் இருவரும் விவரித்த நோய்க்கூட்டம் இதுதான். ஒரு பக்க முகம் விழுந்து, அதே பக்கக் கண் வெளிப்புறம் திரும்பாமல், எதிர்ப்பக்கக் கைகால் வலுவிழக்கும். ஆகவே இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், நடையில் தள்ளாட்டம், கைகால் பலவீனம் இவற்றில் ஏதேனும் ஒன்று கூட இருந்தால் நெற்றியைப் பற்றிய ஆராய்ச்சியெல்லாம் அப்புறம். உடனே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரமே கெடு. வீட்டிலிருப்பவர்கள் நெற்றியைப் பார்த்து, இது பக்கவாதம் இல்லை என்று தாங்களே தீர்ப்பளிக்கவும் கூடாது. அது மருத்துவர் செய்யும் சோதனை.

இனி பெல் வாதம். எடின்பரோவில் பிறந்த சர் சார்லஸ் பெல், அறுவை மருத்துவர், நல்ல ஓவியரும்கூட. முகபாவங்களின் உடற்கூறு பற்றி ஓவியர்களுக்காக 1806இல் நூல் எழுதியவர். முகத்தின் அசைவுக்கும் உணர்ச்சிக்கும் வெவ்வேறு நரம்புகள் என்பதை 1821இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அளித்த கட்டுரையில் விளக்கினார். அவர் பெயர் இந்நோய்க்கு நிலைத்தது அப்படித்தான். அவருக்கு முன்பே, 1798இல் ஜெர்மனியின் வியூர்ஸ்பர்க்கில் நிகோலாஸ் ஃப்ரீட்ரைக் இதைத் தெளிவாக எழுதியிருந்தார்.

ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 20 முதல் 30 பேருக்கு இது வருகிறது. ஆண், பெண் வேறுபாடில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கும், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருப்பவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். முதல் நாள் காதுக்குப் பின்னால் ஒரு வலி. மறுநாள் காலை வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகும். சோறு கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் தங்கும். ‘ப’, ‘ம’ சரியாக வராது. கண்ணை மூட முயன்றால் இமை மூடாமல், விழி மட்டும் மேலே உருண்டு வெள்ளை தெரியும். வாய் இழுபடும் பக்கத்தில்தான் நோய் என்று உறவினர்கள் நினைத்து அங்கே எண்ணெய் தடவுவதுண்டு. உண்மையில் வாயை இழுப்பது நலமாக இருக்கும் பக்கம். எதிர்த்து இழுக்க வலுவில்லாமல் கிடப்பதே நோயுற்ற பக்கம்.

பெல் வாதத்தின் முக்கிய அடையாளம் அதன் வேகம். சில மணி நேரத்திலிருந்து அதிகபட்சம் 3 நாட்களுக்குள் அது உச்சத்தைத் தொட்டுவிடும். வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும் முகவாதம் பெல் வாதம் அல்ல; கட்டி என்று கருதித் தேட வேண்டும். நான்கு மாதம் கழித்தும் அசைவின் சாயல்கூடத் திரும்பவில்லை என்றாலும் அப்படித்தான். பைட்டர்சனின் நோயாளிகளில் 85 சதவீதத்தினருக்கு முதல் 3 வாரங்களுக்குள் முன்னேற்றம் தொடங்கியது. எஞ்சியவர்களுக்கு 3 முதல் 5 மாதங்களில். எந்த மருந்தும் இல்லாமலே 71 சதவீதத்தினர் முழுமையாகக் குணமானார்கள். எண்ணெய்க்கும் மந்திரத்துக்கும் கிடைக்கும் நற்பெயரின் பெரும்பகுதி இந்த 71இலிருந்து வருவதே.

காரணம் என்ன? 1996இல் ஜப்பானில் முரகாமி குழுவினர், அறுவையின்போது எடுத்த நரம்புத் திரவத்தில், உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸின் மரபணுவை 14 நோயாளிகளில் 11 பேரிடம் கண்டார்கள். நரம்பு முடிச்சில் உறங்கிக் கிடக்கும் வைரஸ் விழித்தெழுவதால் வீக்கம் உண்டாகிறது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். அப்படியானால் வைரஸ் மருந்து உதவ வேண்டுமே. ஸ்காட்லாந்தில் 551 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கி 10 நாட்கள் எடுத்தவர்களில் 9 மாதங்களில் 94.4 சதவீதத்தினர் முழுமையாக மீண்டார்கள். அதை எடுக்காதவர்களில் 81.6 சதவீதம். வைரஸ் மருந்தான அசைக்ளோவிராலோ பயன் தெரியவில்லை. இன்றைய சிகிச்சையின் அச்சாணி இந்த 72 மணி நேரம்தான். வந்து பத்து நாள் ஆன நோயாளிக்கு அதே மாத்திரையால் அதே பயன் கிடைக்காது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டீராய்டால் சர்க்கரை எகிறும் என்பதால் கண்காணிப்பு தேவை. அதற்காக அவர்களுக்கு மருந்தை மறுப்பது சரியாகாது.

முகம் விழுந்தவரின் காதுக்குள்ளும் வாய்க்குள்ளும் விளக்கடித்துப் பார்க்காமல் சோதனை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. காதுத் துளையிலோ மடலிலோ அண்ணத்திலோ சிறு கொப்புளங்கள் இருந்தால் அது காதில் வந்த அக்கி. 1907இல் ஜேம்ஸ் ராம்சே ஹன்ட் விவரித்ததால் அவர் பெயரால் வழங்குகிறது. சின்னம்மை தந்த வைரஸ் பல பத்தாண்டுகள் கழித்து, முக நரம்பின் முடிச்சில் மறுபடி எழுகிறது. காதுவலி கடுமையாக இருக்கும். இரைச்சல், காது மந்தம், தலைசுற்றல் கூடவரும். பெல் வாதத்தைவிட நரம்புச் சேதம் அதிகம், முழுக் குணம் குறைவு. இங்கே ஸ்டீராய்டோடு வைரஸ் மருந்தையும் சேர்த்து விரைவில் தொடங்க வேண்டும். நம் ஊர்களில் அக்கிக்குக் குயவரிடம் போய்க் காவி பூசி ‘அக்கி எழுதும்’ வழக்கம் இன்னும் இருக்கிறது. முதுகிலோ இடுப்பிலோ வந்த அக்கி எப்படியும் சில வாரங்களில் ஆறும். காதில் வந்த அக்கியில் அந்த ஓரிரு நாள் தாமதத்துக்கு ஒருவர் தன் முகத்தையும் செவியையும் விலையாகக் கொடுக்க நேரும். சில நேரம் கொப்புளங்கள் முகம் விழுந்து சில நாட்களுக்குப் பின்னரே தோன்றும். ஒரு சிலருக்குத் தோன்றவே தோன்றாது. தாங்கமுடியாத காதுவலியோடு வரும் முகவாதத்தை அதனால்தான் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தமிழ் மருத்துவ உலகம் மறக்கவே கூடாத காரணம் ஒன்று உண்டு: தொழுநோய். உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். இந்த நோய் முக நரம்பைத் தாக்கும் விதம் தனி. கன்னத்து எலும்பின் மேல் தோலை ஒட்டி ஓடும் கிளைகளை அது பிடிக்கிறது. அங்கே உடலின் வெப்பம் சற்றுக் குறைவு, கிருமிக்கு அது ஏற்றது. விளைவாக, வாய் ஓரளவு இயல்பாக இருக்கும்போதே இமை மூடாமல் போகும். முகத்தில் சிவந்து தடித்த தேமல் இருப்பவர்களுக்கு, நோயெதிர்ப்பு விளைவாக அது சட்டென்று வீங்கும் காலத்தில் இப்படி நேரும் வாய்ப்பு மிகுதி. இங்கே ஒரு கொடிய சேர்க்கை. முகத்தின் உணர்ச்சி நரம்பும் பாதிக்கப்பட்டிருந்தால் கருவிழியில் தூசி விழுந்தாலும் தெரியாது. தெரியாததால் கண்ணைச் சிமிட்டத் தோன்றாது. தோன்றினாலும் இமை மூடாது. வலியே இல்லாமல் கருவிழி புண்ணாகிப் பார்வை போகும்.

1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்து பெயர்பெற்றவர். அவருடைய மனைவி மார்கரெட் பிராண்ட் கண் மருத்துவர். தொழுநோயாளிகளின் கண்களைக் காப்பதைத் தம் வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார். 1955இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் எழுந்த ஷீஃபலின் நிறுவனமும் இந்தத் துறையில் உலகுக்கே பாடம் சொன்ன இடம். மூடாத இமைக்கு, பொட்டுப் பகுதியில் மெல்லுவதற்கு உதவும் தசையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து இமைகளுக்குள் ஓட்டித் தைக்கும் அறுவை இத்தகைய மருத்துவமனைகளில் வழங்கிவந்தது. அதன் பிறகு நோயாளி பல்லைக் கடித்தால் கண் மூடும். நாளெல்லாம் அவ்வப்போது பல்லைக் கடிக்க அவரைப் பழக்குவார்கள். முகவாதம் பற்றிய நம் பாடங்களில் தொழுநோய் ஒரு வரியில் முடிந்துபோவது எனக்கு வருத்தம் தருகிறது. கண் மூடாமல் வரும் ஒருவரின் முகத்தோலில் உணர்ச்சியைத் தொட்டுப் பார்க்கவும், காதுக்குக் கீழே கழுத்தில் தடித்த நரம்பு ஓடுகிறதா என்று தடவிப் பார்க்கவும் அரை நிமிடம் போதும்.

காது நோய்களும் அடுத்த வீட்டுக்காரன் போல இந்த நரம்பைத் தொல்லை செய்யும். நாட்பட்ட சீழ்வடிதலில் நடுக்காதுக்குள் தோல் வளர்ந்து எலும்பை அரித்தால் நரம்பு வெளிப்பட்டுவிடும். இங்கே மாத்திரை போதாது, அறுவை வேண்டும். முதிய சர்க்கரை நோயாளிக்கு இரவில் தூங்கவிடாத காதுவலி, சீழ், கூடவே முகவாதம் என்றால் அது சூடோமோனாஸ் கிருமி மண்டையோட்டின் அடித்தளத்தை அரிக்கும் நோயாக இருக்கலாம். இதை பெல் வாதம் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்றியதாகும்.

கன்னச் சுரப்பியில் தீங்கற்ற கட்டி எவ்வளவு பெரிதானாலும் நரம்பைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். கட்டியோடு முகமும் கோணினால் புற்றுநோய் என்றே தொடங்க வேண்டும். எட்டாவது நரம்பில் வரும் கட்டி நேர்மாறு: அது முக நரம்பை நெருக்கினாலும் முகம் வெகுகாலம் தாக்குப்பிடிக்கும், காது மந்தம்தான் முதல் அடையாளம்.

இருசக்கர வாகன விபத்துகளில் காதெலும்பு முறிந்து வருபவர்கள் நம்மிடம் ஏராளம். மயக்கத்தில் கிடப்பவரின் முகத்தை யாரும் கவனிப்பதில்லை. வலி கொடுத்துப் பார்த்தாவது, வந்த நேரத்தில் முகம் அசைந்ததா என்று குறித்துவைக்க வேண்டும். அடிபட்ட கணத்திலேயே விழுந்த முகத்தில் நரம்பு அறுந்திருக்கக்கூடும். இரண்டு மூன்று நாள் கழித்து விழுந்தால் அது வீக்கம், பெரும்பாலும் தானே சரியாகும். முதல் குறிப்பு இல்லையென்றால் இந்த வேறுபாட்டைப் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

பச்சிளங் குழந்தைக்குக் காதுக்குப் பின்னுள்ள எலும்புப் புடைப்பு வளர்ந்திராததால் நரம்பு தோலுக்கு அருகிலேயே இருக்கும். ஆயுதம் போட்டு எடுக்கும்போது நசுங்கலாம். பெரும்பாலும் சில வாரங்களில் மீளும். 1888இல் மோபியஸ் விவரித்த பிறவிக் குறை வேறு வகை. இரு பக்க முகமும் அசையாது, கண்களும் வெளிப்புறம் திரும்பாது. அந்தக் குழந்தைக்குச் சிரிக்கத் தெரியாது என்று எண்ணிவிடுகிறார்கள், அறிவில் குறை என்றும் முடிவுகட்டுகிறார்கள். பெரும்பாலோர் விஷயத்தில் இரண்டுமே பொய்.

பெரியவர்களுக்கு இரு பக்கமும் ஒரே காலத்தில் விழுந்தால் பெல் வாதம் என்ற எண்ணத்தையே தள்ளிவைக்க வேண்டும். முகம் கோணாது, இருபுறமும் சமமாகத் தொங்குவதால் தவறவிடுவதும் எளிது. கால்களிலிருந்து பலவீனம் ஏறிவரும் கியான்-பாரே நோய், சார்காய்டு, எச்ஐவி தொற்றின் தொடக்கம், இரத்தப் புற்று, மேலைநாடுகளில் உண்ணிக்கடியால் வரும் லைம் நோய் ஆகியவை இங்கே வரிசைகட்டும். திரும்பத் திரும்ப முகவாதம், உதடு வீக்கம், வெடித்த நாக்கு மூன்றும் சேர்ந்தால் மெல்கர்சன்-ரோசன்தால் நோய்க்கூட்டம், அரிது.

நரம்பு செயலற்றுப் போவதைப் போலவே அளவுமீறித் துடிப்பதும் நோய்தான். இமை துடித்தால் நல்லதா கெட்டதா என்று சகுனம் பார்க்கும் ஊர் நம்முடையது. தூக்கக்குறைவாலும் சோர்வாலும் வரும் அந்தத் துடிப்பு சில நாளில் நிற்கும். ஒரு பக்க முகத் துடிப்பு நோய் அப்படியல்ல. கீழிமையில் தொடங்கி, மாதக்கணக்கில் கன்னத்துக்கும் வாயோரத்துக்கும் பரவி, தூக்கத்திலும் நிற்காமல் தொடரும். மூளைத்தண்டிலிருந்து நரம்பு வெளிவரும் இடத்தில் ஒரு தமனி வளைந்து அதை இடித்துக்கொண்டிருப்பதே பெரும்பாலும் காரணம். போட்டுலினம் ஊசி சில மாதங்கள் அடக்கிவைக்கும். தமனிக்கும் நரம்புக்கும் இடையில் சிறு மெத்தை வைத்துப் பிரிக்கும் அறுவையை அமெரிக்காவின் பீட்டர் ஜனெட்டா நிலைநாட்டினார். நோயை வேரோடு நீக்கும் வாய்ப்பு அதில் உண்டு.

எந்தக் காரணமானாலும் முதல் நாளிலேயே தொடங்க வேண்டியது கண் பராமரிப்பு. முகம் மீள மாதங்கள் ஆகலாம், கருவிழி சில நாட்களில் புண்ணாகிவிடும். பகலில் செயற்கைக் கண்ணீர் சொட்டு, இரவில் களிம்பு போட்டு இமையை ஒட்டிவைப்பது, வெளியே கண்ணாடி. கண் சிவந்தாலோ பார்வை மங்கினாலோ அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

மின்தூண்டல் சிகிச்சைக்காகத் தினமும் அலையும் நோயாளிகளைப் பார்க்கிறோம். அதனால் நரம்பு விரைவில் மீள்கிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. கண்ணாடி முன் அமர்ந்து, மெதுவாக, ஒவ்வொரு அசைவையும் தனித்தனியாகப் பழகுவதே மேல், குறிப்பாகப் பின்விளைவுகள் தோன்றும் கட்டத்தில். நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும் நரம்பிழைகள் சில நேரம் வழிதவறித் தவறான தசையைச் சேர்கின்றன. அப்போது சிரித்தால் கண் மூடும்; கண் சிமிட்டினால் வாயோரம் இழுக்கும். உமிழ்நீருக்குப் போக வேண்டிய இழைகள் கண்ணீர்ச் சுரப்பியை அடைந்துவிட்டால், சாப்பிட உட்கார்ந்ததும் கண்ணீர் கொட்டும். இதற்கு முதலைக் கண்ணீர் என்றே மருத்துவத்தில் பெயர்.

முழுதும் மீளாத முகத்தோடு வாழ்பவர்கள் கொடுக்கும் விலை அழகைப் பற்றியது மட்டுமல்ல. அவர்கள் மகிழ்ச்சி பிறருக்கு ஏளனமாகத் தெரிகிறது. வெட்கம் அலட்சியமாகத் தெரிகிறது. கனடாவின் ஜான் கிரெத்தியேனுக்கு இளமையிலேயே பெல் வாதத்தால் இடப்பக்க முகம் பழுதானது. 1993 தேர்தலில் ஆளுங்கட்சியினர் அவருடைய கோணிய முகத்தைக் காட்டி விளம்பரம் செய்தார்கள். நாடெங்கும் எழுந்த கொதிப்பில் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று, கிரெத்தியேன் பிரதமரானார். நம் வீடுகளில் திருமணம் தள்ளிப்போன பெண்களுக்கும், கடை முன்னால் நிற்கக் கூச்சப்பட்டு வேலையை விட்ட ஆண்களுக்கும் அப்படிப் பரிந்து பேச நாடு எழுவதில்லை.

அவர்களுக்குச் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மேலிமைக்குள் சிறு தங்க எடை வைத்தால் இமை தானாக இறங்கும். நாக்கை அசைக்கும் நரம்பையோ மெல்லும் தசையின் நரம்பையோ முக நரம்போடு இணைக்கலாம். நலமான பக்கத்திலிருந்து நரம்பு ஒட்டு கொண்டுவந்து, தொடையிலிருந்து எடுத்த தசையைக் கன்னத்தில் பொருத்திச் சிரிப்பை மீட்கலாம். இவற்றில் நரம்பு இணைப்புக்கு ஒரு காலக்கெடு உண்டு. கட்டளை வராமல் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் கிடந்த முகத்தசை சுருங்கி நாராகிவிடும். அதற்குப் பின் புது நரம்பைக் கொண்டுவந்தாலும் ஏற்க அங்கே தசை இருக்காது. ‘இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்’ என்று நோயாளியைத் திருப்பி அனுப்பும் மருத்துவர், ஆறாவது மாதத்திலேயே அவரை முக அறுவை நிபுணரிடம் அனுப்பிவைக்க வேண்டும்.